மின் கட்டணம் சுமையாகும்போது எந்த அரசு உதவியை முதலில் நாடுவது?

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்தில் 500 யூனிட் மின்சாரம் செலவழித்த ஒரு வீட்டுக்கு, 2024 ஜூலையில் திருத்தப்பட்ட கட்டண விகிதப்படி, 1,805 ரூபாய் பில் வருகிறது. பக்கத்து வீட்டில் 501 யூனிட் ஓடியிருந்தால் அங்கே வரும் பில் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 243 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். மீட்டர் பழுது, கணக்கீட்டாளர் தவறாக எழுதிவிட்டார் என்றெல்லாம் கோடைக்காலத்தில் எழும் புகார்களில் ஒரு பகுதிக்கு இந்த எல்லைக்கோடுதான் காரணம். வீட்டு மின்சாரத்துக்கு அரசு தரும் உதவிகளை எடைபோட விரும்புகிறவர் இந்தக் கோட்டிலிருந்து தொடங்குவது நல்லது. ஏனெனில், எந்த உதவி தனக்குப் பயன்படும் என்பதைத் தீர்மானிப்பது மானியத் தொகையின் அளவு அல்ல. அந்தக் குடும்பம் செலவழிக்கும் கடைசி யூனிட் என்ன விலைக்கு வருகிறது என்பதே.

ஒரு குடும்பத்தின் முன் இன்று இருக்கும் வழிகள் வெவ்வேறு இயல்பு கொண்டவை. மாநில அரசின் கட்டணச் சலுகை கேட்காமலே பில்லில் கழிந்து வருகிறது. ஒன்றிய அரசின் சூரிய மின்சார மானியம், முதலில் நாம் பெருந்தொகை செலவழித்த பிறகு வங்கிக் கணக்குக்கு வருகிறது. மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் கருவிகளுக்கு மாறுவதில் அரசின் பங்கு நட்சத்திரக் குறியீடு, தரக் கட்டுப்பாடு என்ற அளவில் நிற்கிறது. செலவு நம்முடையது, ஆனால் சிறியது. இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, தனி மின் இணைப்பு இல்லாத வாடகைக் குடும்பத்துக்கு மேற்சொன்ன சலுகையும் மானியமும் கிட்டுவதில்லை என்ற உண்மையும் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பேசவேண்டும்.

முதலில் கட்டணச் சலுகை. எல்லா வீடுகளுக்கும் இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கும் ஆணை 2016 மே மாதம், ஜெயலலிதா மீண்டும் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற நாளில் கையெழுத்தானது. ஆட்சி மாறியபோதும், 2022 செப்டம்பரில் கட்டணம் கணிசமாக உயர்த்தப்பட்டபோதும், அந்த 100 யூனிட் தொடர்ந்தது. அந்த உயர்வின்போதுதான் வீடுகளுக்கான நிலைக்கட்டணமும் நீக்கப்பட்டது. 2.37 கோடி வீட்டு இணைப்புகளில் ஏறத்தாழ 1 கோடி இணைப்புகளுக்கு அந்த உயர்வால் பாதிப்பில்லை என்று அப்போது அறிவிக்கப்பட்டது. 2024 விகிதத்தில், 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீடுகளுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு முதல் 100 யூனிட் அப்போதும் இலவசம்தான். ஆனால் இரண்டாவது நூறுக்கான பாதி விலைச் சலுகை போய்விடுகிறது. அந்த 235 ரூபாயும் 501-ஆவது யூனிட்டுக்கான 8 ரூபாய் 40 காசும் சேர்ந்ததே முதலில் சொன்ன வித்தியாசம். அதற்கு மேல் 601 முதல் 800 வரை 9 ரூபாய் 45 காசு, 801 முதல் 1,000 வரை 10 ரூபாய் 50 காசு, 1,000-க்கு மேல் 11 ரூபாய் 55 காசு என்று படி ஏறுகிறது.

இந்தச் சலுகையின் பெருமை அதன் எளிமையில் இருக்கிறது. விண்ணப்பம் இல்லை, வருமானச் சான்று இல்லை, அலுவலகப் படியேறும் வேலை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் தனியாக வாழும் வீட்டுக்கும் அது தானாகச் சென்று சேர்கிறது. நலத்திட்டங்களில் இது அரிய குணம். 200 யூனிட்டுக்குள் வாழும் வீட்டுக்கு இரு மாதப் பில் 235 ரூபாயைத் தாண்டுவதில்லை என்பதால், அந்த வீட்டார் வேறு எந்தத் திட்டத்தையும் தேடிப் போகவேண்டிய அவசியமே இல்லை என்று நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் இதன் மீது நம் கட்டுப்பாடு எதுவும் இல்லை. 2022 ஆணைப்படி ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் விலைவாசி உயர்வையொட்டிக் கட்டணம் திருத்தப்படுகிறது. 2023-இலும் 2025-இலும் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது, 2024-இல் ஏற்கவில்லை. மேலும், 500-ஐக் கடந்த குடும்பத்துக்கு இந்தச் சலுகை ஆறுதலே ஒழியத் தீர்வாகாது. கூட்டுக் குடும்பமாக ஏழெட்டுப் பேர் வாழும் வீடும், இருவர் மட்டும் மூன்று ஏசி போட்டு வாழும் வீடும் மீட்டருக்கு ஒன்றுபோலத்தான் தெரிகின்றன.

அடுத்தது சூரிய மின்சாரம். பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 2026-27 நிதியாண்டுக்குள் 1 கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின்தகடுகளை அமைப்பது அதன் இலக்கு. முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். 5 கிலோவாட் போட்டாலும் மானியம் 78,000-ஐத் தாண்டாது. இந்தியாவில் தயாரான மின்தகடுகளாக இருக்கவேண்டும், பதிவுபெற்ற நிறுவனம் நிறுவவேண்டும், மின் வாரியம் நிகர மீட்டர் பொருத்தவேண்டும். இவ்வளவும் முடிந்து ஆய்வும் நடந்த பிறகே மானியம் கணக்கில் சேரும். தமிழ்நாட்டின் வெயிலில் 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று கொள்ளலாம். இரு மாதத்துக்கு ஏறத்தாழ 240 யூனிட். நிகர மீட்டர் முறையில், பகலில் நாம் வாரியத்துக்கு அனுப்பும் மின்சாரம் இரவில் நாம் எடுப்பதிலிருந்து கழிக்கப்படுகிறது.

இத்திட்டத்தைப் பற்றிப் பரவியிருக்கும் இரண்டு தவறான எண்ணங்களை இங்கேயே நீக்கிவிடவேண்டும். மாதம் 300 யூனிட் இலவசம் என்ற விளம்பர வாசகத்தைப் பார்த்து, மாநில அரசின் 100 யூனிட்டைப்போல இதுவும் பில்லில் தானாகக் கழியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அன்று. 3 கிலோவாட் அமைப்பு மாதந்தோறும் குறைந்தது இவ்வளவு விளைவிக்கும் என்று கொள்ளப்படும் அளவே அந்த 300. அதற்கான முதலீட்டில் ஒரு பங்கை நாமே போடுகிறோம். மேலும் மாநிலத்தின் 100 இரு மாதக் கணக்கு, ஒன்றியத்தின் 300 ஒரு மாதக் கணக்கு. இரண்டாவது எண்ணம், கரண்ட் போனாலும் சோலார் வீட்டுக்கு விளக்கெரியும் என்பது. மின்தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றித் தரும் கருவியான இன்வெர்ட்டர், பேட்டரி இல்லாமல் வாரியத்தின் கம்பியோடு இணைந்து இயங்கும்போது, மின்தடை ஏற்பட்ட நொடியே தானும் நின்றுவிடும்படி வடிவமைக்கப்பட்டது. கம்பத்தில் ஏறி வேலை செய்கிற ஊழியரின் உயிர்ப் பாதுகாப்புக்காகவே இந்த ஏற்பாடு. மின்வெட்டுக்குத் தீர்வு தேடுகிறவர் இதற்காகப் பணம் போட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

இப்போது கணக்குக்கு வருவோம். இரு மாதத்துக்கு 640 யூனிட் செலவழிக்கும் ஒரு சொந்த வீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பில் 3,258 ரூபாய். ஆண்டுக்கு 19,548 ரூபாய். நிறுவும் செலவு இடத்துக்கு இடம், கட்டுமானத்துக்குக் கட்டுமானம் மாறும் என்பதால், கணக்கு வசதிக்காக 1 கிலோவாட்டுக்கு 75,000, இரண்டுக்கு 1,40,000, மூன்றுக்கு 1,95,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். வாசகர் தமக்குக் கிடைத்த விலையை அந்த இடத்தில் இட்டுப் பார்க்கவேண்டும். மானியம் போக 1 கிலோவாட்டுக்கு நம் கையிலிருந்து 45,000 ரூபாய் போகும். 640-இல் 240 கழிந்து 400 யூனிட்டுக்கே பில் வரும். அது 1,175 ரூபாய். ஆண்டுக்கு 12,498 ரூபாய் மிச்சம், நான்கு ஆண்டு முடியுமுன் போட்ட பணம் திரும்பிவிடும். 2 கிலோவாட் போட்டால் நம் செலவு 80,000. பில் 141 ரூபாயாகச் சுருங்கும். ஆண்டு மிச்சம் 18,702. இதுவும் நான்கரை ஆண்டுக்குள் மீளும். 3 கிலோவாட் போட்டால் நம் செலவு 1,17,000 ஆகிறது, பில் சுழியமாகிறது, ஆனால் மிச்சம் 19,548 மட்டுமே. அதாவது மூன்றாவது கிலோவாட்டுக்காக நாம் கூடுதலாகப் போடும் 37,000 ரூபாய், ஆண்டுக்கு 846 ரூபாயைத்தான் கூடுதலாக மிச்சப்படுத்துகிறது.

மூன்றாவது கிலோவாட்டை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 78,000 ரூபாய் மானியம் என்ற தொகை கண்ணை ஈர்ப்பதாலும், பெரிய அமைப்பை விற்பதே விற்பனையாளருக்கு ஆதாயம் என்பதாலும், 2 கிலோவாட் போதும் என்ற நிலையில் உள்ள குடும்பங்கள் மூன்றுக்குத் தள்ளப்படுகின்றன. 500-ஐத் தாண்டிய வீட்டில் முதல் கிலோவாட் 9 ரூபாய், 8 ரூபாய் யூனிட்டுகளை ஒழிக்கிறது. இரண்டாவது 4 ரூபாய் 70 காசு யூனிட்டுகளைக் குறைக்கிறது. மூன்றாவதோ பெரும்பாலும் அரசு ஏற்கெனவே இலவசமாகத் தரும் யூனிட்டுகளின் இடத்தில் போய் உட்காருகிறது. மின்சார ஸ்கூட்டர் வாங்கும் எண்ணமோ ஏசி கூட்டும் திட்டமோ இருந்தால் ஒழிய, மூன்றாவது கிலோவாட்டுக்கான மானியத்தை விட்டுவிடுவதில் நட்டம் எதுவும் இல்லை.

இதே கணக்கை 300 யூனிட் வீட்டுக்குப் போட்டால் முடிவு தலைகீழாகிறது. அங்கே பில் 705 ரூபாய், ஆண்டுக்கு 4,230 ரூபாய். 1 கிலோவாட் அந்த முழுத்தொகையையும் மிச்சப்படுத்தினாலும் 45,000 ரூபாய் திரும்பப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். இடையில் ஒருமுறை இன்வெர்ட்டர் மாற்ற நேரலாம். மின்தகடுகள் 25 ஆண்டு உழைக்கக்கூடியவை என்பதால், கையில் சேமிப்பு இருக்கிறவருக்கு இது தவறான முதலீடு அல்ல. ஆனால் நகையை வைத்தோ வட்டிக்கு வாங்கியோ போடும் நிலையில் உள்ள குடும்பத்துக்கு, இதைச் செய்யவேண்டாம் என்றே நான் அறிவுரை சொல்வேன். பிணையில்லாமல் குறைந்த வட்டிக்கு வங்கிக் கடன் தரும் ஏற்பாடு இத்திட்டத்தில் இருக்கிறது என்றாலும், இரு மாதத்துக்கு 705 ரூபாய் பில்லைத் தவிர்க்க மாதந்தோறும் தவணை கட்டும் பொறுப்பை ஏற்பது, சுமையைக் குறைக்கும் வழியாகாது.

கூரையைப் பற்றியும் ஒரு சொல். 1 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். தென்னை நிழலோ பக்கத்து வீட்டு மாடியின் நிழலோ அரைநாள் விழுந்தால் மேற்சொன்ன கணக்கெல்லாம் சரிந்துவிடும். வற்றல் காயப்போடவும் துணி உலர்த்தவும் மொட்டை மாடி வேண்டும் என்பவர்கள் உயரமான இரும்புச் சட்டத்தில் அமைக்கச் சொல்வார்கள். அதற்குச் செலவு கூடும். வர்தா, கஜா புயல்களைக் கண்ட கடலோர மாவட்டங்களில், அந்தச் சட்டத்தின் உறுதியை விலைக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது.

இனி, பேசப்படாமலே போகும் மூன்றாவது வழி. பழைய வகை சீலிங் ஃபேன் ஏறத்தாழ 75 வாட் இழுக்கிறது. பிஎல்டிசி என்று கடைகளில் கேட்டு வாங்கும் புதிய வகை 30 வாட் அளவில் ஓடுகிறது. நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினால் இரு மாதத்தில் 32 யூனிட் குறையும். விலை ஏறத்தாழ 3,000 ரூபாய். 520 யூனிட் வரும் வீட்டின் பில் 2,208 ரூபாய். ஒரே ஒரு ஃபேனை மாற்றி 488-க்கு இறங்கினால் பில் 1,729 ரூபாய் 40 காசு. ஒரு பில்லில் 478 ரூபாய் மிச்சம். ஏழாவது பில்லுக்குள் ஃபேனின் விலை வந்துவிடுகிறது. எந்த அரசு மானியமும் இவ்வளவு விரைவாகப் பலன் தருவதை நான் பார்த்ததில்லை. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், கடைக்காரரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பவேண்டியதில்லை. ஒட்டுத்தாளைப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். ஏசியில் ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்கிறது ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் (BEE). 2020 முதல் புதிய ஏசிகள், நாம் மாற்றாதவரை, 24 டிகிரியில்தான் ஓடத் தொடங்குகின்றன என்பதும் அதன் ஏற்பாடே.

ஆகவே 500-ஐத் தாண்டிய சொந்த வீட்டாருக்கு நான் சொல்லும் வரிசை, முதலில் ஃபேன், பிறகு சிறிய அளவில் சோலார் என்பது. 640 யூனிட் வீட்டில் நான்கு ஃபேன்களை மாற்றினால் 130 யூனிட் குறைந்து 510 ஆகும். அதன்மேல் 1 கிலோவாட் போட்டால் 270 யூனிட்டுக்கு மட்டுமே, அதாவது 564 ரூபாய்க்கே பில் வரும். மொத்தச் செலவு 57,000 ரூபாய், ஆண்டு மிச்சம் 16,164 ரூபாய். 80,000 ரூபாயை ஒரேயடியாக 2 கிலோவாட்டில் போடுவதைவிட இது கைக்கு அடக்கமானது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கூரை எல்லோருக்கும் பொது. அங்கே தனித்தனி வீட்டுக்கு அமைப்பதைவிட, லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் உள்ள பொது இணைப்புக்கு அமைப்பதே பொருத்தம். குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. 10 வீடுகளுக்கு மிகாத, 3 மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு அந்தப் பொது இணைப்பின் கட்டணம் 2023-இல் 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது. மற்றவை 8 ரூபாய்க்கு மேல் கட்டுகின்றன. வீட்டில் தறி வைத்திருப்பவர்கள் நிலை வேறு. கைத்தறிக்கு இரு மாதத்துக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் இலவசம் என்று 2023-இல் உயர்த்தப்பட்டது. அவர்கள் முதலில் பார்க்கவேண்டியது தங்கள் இணைப்பு தறிக்குரிய வகையில் பதிவாகியிருக்கிறதா என்பதைத்தான்.

வாடகை வீட்டாருக்கு வருவோம். ஒரே மீட்டரில் இரண்டு மூன்று குடும்பங்களை வைத்து, உள்ளே துணை மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றோ 10 ரூபாய் என்றோ வாங்கும் வழக்கம் நகரங்களில் வேரூன்றியிருக்கிறது. நானும் அப்படி ஒரு வீட்டில் பல ஆண்டுகள் இருந்தவன். வாடகைச் சீட்டில் 'கரண்ட் தனி' என்று எழுதியிருந்த இரண்டு சொற்களுக்குள் எவ்வளவு பணம் போயிற்று என்பதைக் காலி செய்துவிட்டு வந்த பிறகே கணக்குப் பார்த்தேன். 200 யூனிட் செலவழிக்கும் குடும்பம் சொந்த இணைப்பில் கட்டவேண்டியது 235 ரூபாய். யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் அது வீட்டு உரிமையாளருக்குக் கொடுப்பது 1,600 ரூபாய். ஆண்டுக்கு 8,190 ரூபாய் வித்தியாசம். சோலார் மானியமோ ஃபேனோ இந்த அளவு மிச்சத்தை அந்தக் குடும்பத்துக்குத் தரவே முடியாது. எல்லா வீடுகளுக்கும் என்று அரசு கொடுத்த சலுகை, அந்தக் குடும்பத்தை எட்டாமல் நடுவழியில் நின்றுவிடுகிறது.

உரிமையாளர்கள் சொல்லும் நியாயத்தையும் கேட்கவேண்டும். மூன்று குடும்பங்களின் பயன்பாடும் ஒரே மீட்டரில் சேரும்போது அவர்களுக்கும் 8 ரூபாய், 9 ரூபாய் படியில்தான் பில் வருகிறது; எல்லாருமே லாபம் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. அப்படியானால் தனித்தனி இணைப்பு இரு தரப்புக்கும் நல்லது. ஒரே குடும்பம் ஒரே வீட்டுக்கு இரண்டு இணைப்பு வைத்து இலவச யூனிட்டை இருமுறை பெறுவதைத்தான் விதிகள் தடுக்கின்றன. தனியாக ஒரு குடும்பம் வாழும் தனிக் குடியிருப்புக்குத் தனி இணைப்பு கேட்பதில் தடையில்லை. உரிமையாளர் விண்ணப்பிப்பதே எளிய வழி. அவர் இசையாவிட்டால், சட்டப்படி குடியிருப்பதற்கான சான்றும், இழப்பு நேர்ந்தால் ஈடுசெய்வதாக உறுதி கூறும் ஈட்டுறுதிப் பத்திரமும் கொடுத்து, வைப்புத்தொகையை இருமடங்காகக் கட்டி, வாடகைதாரரே விண்ணப்பிக்கத் தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பு இடம் தருகிறது. இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி ஒதுங்குகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. எனவே, குடியேறிய பிறகு கேட்பதைவிட, புதிய வீடு பார்க்கப் போகும்போதே மீட்டர் பலகையை நேரில் பார்த்து, இந்த வீட்டுக்கான மின் இணைப்பு எண் எது என்று கேட்டு, முன்பணம் கொடுக்குமுன் அந்த எண்ணை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வதே நடைமுறையில் கைகூடக்கூடிய வழி. வாடகை 500 ரூபாய் கூடுதலாக இருந்தாலும், தனி மீட்டர் உள்ள வீடே 200 யூனிட் குடும்பத்துக்கு மலிவு.